பதினாலாம் கட்டில் தேத்தண்ணி

நாரஹேன்பிட்ட ஆய்வுகூடத்தில்
பிளேன்ரீயை முறுக்கிப் பார்ப்பது என் வேலை.
இரு தட்டுகளுக்கிடையே ஒரு கரண்டி விட்டு
மெல்லச் சுழற்றுவேன்.
எவ்வளவு வழிகிறது, எவ்வளவு மீள்கிறது என்று
திரையில் இரு கோடுகள் ஏறும்.

மாப்பொருள் கலந்து தடிப்பாக்கிய தேத்தண்ணி அது.
பக்கவாதம் வந்த தொண்டைக்கு
வெறும் தேத்தண்ணியின் வேகம் கூட,
மூச்சுக்குழாய்க்குள் பாய்ந்துவிடும்.

எண் சரியாகவே வந்தது. மூன்று தரம்.
ஆனாலும் பதினாலாம் கட்டில் தேவநேசன்
பாதிக் கோப்பையில் இருமினார்.

முதலில் சூட்டைச் சந்தேகித்தேன்.
என் அறை இருபத்தைந்து, வாட்டு முப்பத்தொன்று.
ஏசியை நிறுத்தி, வியர்த்து வியர்த்து அளந்தேன்.
கொஞ்சம் இளகியது. இருமுகிற அளவுக்கு இல்லை.

பிறகு தாதி ஷிரோமி
அவர் மிச்சம் வைத்த கோப்பையையே
த்ரீவீலில் கொண்டுவந்தாள், பொரளைச் சந்தி நெரிசலில்
உள்ளங்கையால் மூடிப் பிடித்தபடி.
தட்டில் விட்டேன்: தண்ணீர்.

கரண்டி.
வாய்க்குப் போய்க் கோப்பைக்குத் திரும்பிய கரண்டி.
அதில் ஒட்டிய உமிழ்நீர்
மாவை அங்கேயே தின்னத் தொடங்கியிருக்கிறது,
அவர் விழுங்கும் முன்பே.

மாதிரியை யாராவது நக்கியிருக்கலாம் என்று
செய்முறைக் கையேட்டில் ஒரு பத்தி இல்லை.

மாவை விட்டுப் பிசினுக்கு மாறினோம்,
துப்பினாலும் இளகாத பிசின்.
கதவைச் சாத்திவிட்டு
நானே துப்பிப் பார்த்தேன்.

தேவநேசன் முழுதும் குடித்தார். இருமவில்லை.
வாயைத் துடைத்துக்கொண்டு, குழறலாக,
"நல்லாயிருக்கு.
ஆனா இது தேத்தண்ணி இல்ல."

சாயம் கூட்டி
மறுபடி அளக்கிறேன்.