கோணக்கை வகையறா

ஆவணியில் மூன்று விட்டார்கள்,
மேலூருக்குக் கிழக்கே சீல் வைத்த குவாரியில்,
கழிவுக் கல்லைப் பொறுக்கி ஓரம் கட்ட.
தையில் நான் போய் எண்ணியபோது பதினொன்று.

"குட்டி போட்டிருக்கு மேடம்" என்றார் சேவுகன்.
கிராம உதவியாளர். தன் டிவிஎஸ் ஐம்பதை
இப்போதெல்லாம் ரோட்டிலேயே, புளியமரத்தடியில்,
சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

குட்டி இல்லை. நான் பார்த்தேன்.
நடுவெயிலில் ஒன்று உட்கார்ந்து
துருவேறிய கிரேனின் விலாவை அறுத்தது.
முதலில் ஒரு கை செய்தது.
செய்த கையைத் தரையில் வைத்ததும்
அது தானே தவழ்ந்துபோய்
தனக்கு வேண்டிய திருகாணிகளைப்
பொறுக்கத் தொடங்கியது.
தோள் வருமுன்னே வேலைக்கு வந்துவிட்டது கை.
ஒன்பது நாளாகும், ஒன்று முடிய.

"கிரேன் தீர்ந்தா?" என்றேன்.
"கம்பிவேலி இருக்கு" என்றார் சேவுகன்.
அதற்கப்புறம் இருவருமே பேசவில்லை.

மூன்றில் ஒன்று, வந்த அன்றைக்கே,
பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் சறுக்கி
இடது முழங்கையைக் கோணிக்கொண்டது.
கம்பெனி பிரிட்டோ நிமிர்த்திப் பார்த்தார்,
மதுரைக்குக் கடைசி பஸ் என்று விட்டுப் போனார்.
மற்ற இரண்டும் ஐப்பசி மழையில் நின்றுபோக
அவற்றையும் பிரித்துச் சேர்த்துக்கொண்டு
அது தன்னைத்தான் அளந்தது.
அளந்தபடி செய்தது.
அடுத்ததற்கும் அதே கோணல், அதே பாகை.
விழாமலே விழுந்த கை.

ஆடு மேய்க்கும் பொன்னழகி
தூரத்திலிருந்தே அடையாளம் சொல்கிறாள்:
"அவுக கோணக்கை வகையறா.
ஒண்ணுமண்ணா இருப்பாக. சண்டை கிடையாது.
நம்மளத்தான் ஏறெடுத்துப் பாக்க மாட்டாக."
எத்தனை தலைக்கட்டு என்று
மாசிக் களரி வரிக்குக் கணக்குக் கேட்டாராம் அம்பலம்.

தாலுகா ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை.
இயந்திரத்துக்குப் படிவம் இன்னும் வரவில்லை,
குடும்பக் கணக்கெடுப்பிலேயே ஏத்துங்க என்றார்கள்.
பெயருக்கு ஓர் எண் போதும்.
வயது, நாட்களில்.
தந்தை பெயர் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டால் பக்கம் நகராது.
சிவப்பாக ஒரு நட்சத்திரம் மினுங்கும்.

அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும்.
மகளைப் பள்ளியில் சேர்த்த ஜூனில்
அதன் முன்னால் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன்.
கடைசியில் ஒரு புள்ளி வைத்தேன்.
கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.
இன்றைக்கும் வருகைப் பதிவேட்டில்
எழுத்தில்லாத புள்ளிக்குப் பின்னால்தான் நிற்கிறாள்
இளவேனில்.
போன வாரம் இலக்கண வகுப்பிலிருந்து வந்து சொன்னாள்:
"புள்ளி வச்சா எழுத்துக்கு உயிர் போயிரும்மா,
மெய்தான் மிச்சம்."
சொல்லிவிட்டு சாக்ஸைக் கழற்றினாள்.

பதினொரு புள்ளி வைத்தேன்.
பக்கம் நகர்ந்தது.

நேற்று சரிபார்க்கப் போனால் பன்னிரண்டு.
பன்னிரண்டாவதற்கு
கை நேராக இருக்கிறது.

அளவை நாங்க தொடவே இல்லைங்க என்று
போனில் சத்தியம் செய்கிறார் பிரிட்டோ.
"அசலூரா இருக்கும்" என்கிறார் சேவுகன்,
வெற்றிலையைக் கன்னம் மாற்றிக்கொண்டு.
பொன்னழகி ஆட்டை வேறு பக்கம் ஓட்டுகிறாள்.

கோர்ட் சிவப்புப் பெயிண்டில் எண் போட்ட
கற்களுக்கு நடுவே
நேர்க்கையும் வரிசையில் நின்று கல் மாற்றுகிறது.
கோணலுக்குப் பழகிய வரிசை அது.
ஒவ்வொரு தடவையும் அதன் முழங்கை
பக்கத்திலிருப்பதன் விலாவில் இடிக்கிறது.
டங், என்று ஒரு சத்தம்.
அப்புறம் கல். அப்புறம் டங்.

இடிபட்டது கோபப்படவில்லை, நகரவில்லை.
நான் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது
கல்லைக் கீழே வைத்துவிட்டு
விலாவில் விழுந்த சின்னப் பள்ளத்தை
விரல் விட்டு
அளந்துகொண்டிருந்தது.