இருந்த இடம்

ஆறாவது இரவும் காற்று.
ஈரப்பதம் எண்பதைத் தாண்டினால் கூரையை மூட வேண்டும்;
எழுபத்தெட்டில் நிற்கிறது,
வாசலில் வந்து நின்ற கடன்காரனைப் போல.
இதாய்ரா திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
சூரியகாந்தி விதை கொறிக்கிறாள்.
எங்களுக்குக் கீழே மேகம்.
மேகத்துக்குக் கீழே லா பால்மாவின் வாழைத்தோட்டங்கள்,
அதற்கும் கீழே கடல்.

மீயொளிர் விண்மீன் என்று பெயர்.
பெயரில் உள்ள ஒளி அதனிடம் இல்லை.
மற்றவை வெடிக்கும்போது வரும் வெளிச்சத்தில்
இருபதில் ஒரு பங்கு.
திரி எரிந்தது,
எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம்,
புஸ்.

நிறமாலையின் கோடுகள் ஒல்லியாக இருந்தன,
அவசரமில்லாமல் விரிந்திருக்கிறது.
நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர்;
எங்கள் தொழிலில் அது காலாற நடப்பது.
பெரிய விண்மீன்தான், வெளியே எறிந்ததில் பாதி
திரும்பத் தன்மேலேயே விழுந்துவிட்டது
என்கிறார் ஹெல்சிங்கியில் வெய்க்கோ.
இல்லை, வெடிப்பதற்கே எடை போதாத விண்மீன்,
தட்டுத்தடுமாறி வெடித்தது என்கிறாள் பதோவாவில் ஓர்சோலா.
மின்னஞ்சலில் இருவரும்
மிக மரியாதையாக அடித்துக்கொள்கிறார்கள்.

தீர்த்துவைக்க எங்களிடம் தரவு இருந்திருக்க வேண்டும்.
அது வெளிச்சம் காட்டிய அதே மாதங்களில்
எங்கள் தீவும் வெடித்துக்கொண்டிருந்தது.
எண்பத்தைந்து நாள்.
அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை,
படுத்தால் தலையணையில் கேட்டது.
கண்ணாடியில் சாம்பல் விழுந்தால் கீறும் என்று
கூரைகளை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
இடையில் காற்று திசைமாறிய மூன்று இரவுகள்,
மூன்று புள்ளிகள்.
மூன்று புள்ளி வழியே எந்த வளைவும் போகும்;
வெய்க்கோவுடையதும், ஓர்சோலாவுடையதும்.

மிச்சமிருப்பது ஒரு பழைய படம்.
வெடிப்புக்குப் பதினோரு வருடம் முன்னால்
யாரோ வேறெதற்கோ எடுத்தது.
அதன் ஓரத்தில் நான்கு கட்டங்கள், கொஞ்சம் சிவப்பு.
கல்யாணப் படத்தில் பின்னால் கடந்துபோகிறவரின் தோள் மாதிரி.
அவர்தானா?
அவர்தான் என்றால் இப்போது அங்கே இருக்கக் கூடாது.
இருந்தால், நாங்கள் வேறு ஆளைப் புதைத்திருக்கிறோம்.

"இல்லாததைப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?"
"நாலு மணி நேரம்."
"அவ்வளவா?"
"கண் மங்கிய கருவிக்கு எல்லாமே இல்லைதான்.
நன்றாகப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல
நாலு மணி நேரம்."

கூரை திறந்தே இருக்கிறது. எழுபத்தொன்பது.
இதாய்ரா தன் கைபேசியை என் பக்கம் நகர்த்துகிறாள்.
வரைபடம். கன்னங்கரிய பரப்பின் நடுவில்
சின்ன நீலக் குறி: வீடு.
இங்கிருந்து காரில் ஒரு மணி பத்து நிமிடம் என்று
இன்னமும் வழி சொல்கிறது.
அதன்மேல் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்குக் கல்.
நீக்கவில்லையா என்றேன்.
"எதற்கு? இடம் சரியாகத்தானே காட்டுகிறது."
இன்னொரு விதையைப் பல்லில் வைத்து உடைத்தாள்.

இருந்த இடம் தெரியாமல் போய்விட்டார் என்போம்
சத்தம் போடாமல் போனவர்களை.
இதற்கு இடம் தெரியும்,
தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை.

இரண்டரை மணி நேரத்தில் எண்பத்தொன்று.
கூரை முனகிக்கொண்டே மூடியது.
கிடைத்த வரைக்கும் கூட்டி,
பழைய படத்திலிருந்து புதியதைக் கழித்தோம்.
இரைச்சல். இரைச்சலின் நடுவே, அந்த நான்கு கட்டங்களில்,
பழைய சிவப்பு அப்படியே மிஞ்சி நின்றது.
கழித்தால் மிஞ்சுகிறது என்றால்
புதியதில் இல்லை என்று அர்த்தம்.
அல்லது தூசிக்குப் பின்னால் இருக்கிறது.
அல்லது இன்னும் ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

பதிவேட்டில் இதாய்ரா எழுதியிருந்தாள்:
இலக்கு தெரியவில்லை.
அடித்துவிட்டு எழுதினேன்:
இலக்கு தெரிகிறது.
விண்மீன் தெரியவில்லை.

விதைத்தோலைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டோம்.
நாளைக்கும் காற்றாம்.