கீழ்த்தளம் இரண்டு

"உங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லைத்தானே"
என்று நவம்பரிலேயே சொல்லிவிட்டார் திருமதி ஹுன்சிக்கர்.
கேள்வி மாதிரித்தான் தொடங்கினார்,
கேள்விக்குறி குரலில் வரவில்லை.
முதியோர் இல்லச் சமையலறைச் சுவரில்
இருபத்துநான்கு, இருபத்தைந்து இரண்டிலும்
பச்சை மையில் என் பெயர்.
வரவேற்பறை மரத்தைச் சோடித்ததும் நான்தான்;
ஏணிக்குப் பயமில்லாதவள்
நான் ஒருத்தி என்றார்கள்.

இல்லைத்தான்.
ஆனால் வகுப்பில் பெயர்ச்சீட்டு எடுத்த யதுசாவுக்குப்
பத்து பிராங்குக்கு மேல் போகாத பரிசொன்று வேண்டும்.
துவாரகனின் ஆசிரியைக்கு நாலு வகைப் பிஸ்கட்,
கச்சான் பட்டிருக்கக் கூடாது.
இருபத்தாறாம் திகதி பாரிசிலிருந்து மச்சாள் குடும்பம்,
அவர்களோடு ஒட்டிக்கொண்டு லண்டனிலிருந்து இருவர்.
பதினொரு பேர், மூன்று மெத்தை.
சீட்டுக்காசு முப்பத்தொன்றுக்கு முன்.
ஊருக்கு அனுப்புகிற காசு அதற்கும் முன்.
கொண்டாடாத வீட்டுக்குள்
இத்தனை கொண்டாட்டம்
எந்தக் கதவால் வந்ததோ தெரியாது.

ஓல்டனில் மூன்று கிழமையாய் வெயில் இல்லை.
ஆரே ஆற்றிலிருந்து எழும்புகிற புகார்
முதலில் மரப்பாலத்தை விழுங்கும்,
பிறகு ரயில்நிலைய மணிக்கூட்டை.
நேரம் தெரியாமலே
எல்லோரும் நேரத்துக்கு ஓடுகிறார்கள்.

நேற்று வானொலியில் ஒரு வைத்தியர்,
பண்டிகைக்கால மன அழுத்தத்துக்கு
ஆழமாய் மூச்செடுங்கள் என்றார்.
மறந்துவிடுவேன் என்று
பட்டியலில் எழுதிக்கொண்டேன்:
மஞ்சள்தூள், பேக்கிங் பவுடர், மூச்சு.

இன்று இருபத்துமூன்று.
அங்காடியின் கீழ்த்தளம் இரண்டில்
காரை நிறுத்தி அணைத்தேன்.
இறங்கவில்லை.
கை கதவுப்பிடியில்தான் இருந்தது,
வந்த வேலையை அது மறந்திருந்தது.
முதல் அரைமணி இலவசம் என்றது நுழைவுச்சீட்டு.
மடியில் கைபேசி மீன் மாதிரித் துள்ளியது,
இன்னொரு தரம் துள்ளியது,
பேசாமல் இருந்தேன்,
அடங்கியது.

தூணுக்கு அப்பால் சாம்பல்நிற ஸ்கோடா ஒன்று.
உள்ளே ஒரு பெண்.
பின்கதவால் திணித்த நத்தார் மரம் நீண்டு வந்து
நுனி அவள் தோளில் சாய்ந்திருந்தது,
நித்திரை தூங்கும் பிள்ளையாய்.
அவளும் இறங்கவில்லை. புறப்படவும் இல்லை.
மண்டரீன் உரித்துக்கொண்டிருந்தாள்,
தோல் அறாமல், ஒரே சுருளாய்,
அவ்வளவு ஆறுதலாய்.

பார்த்துவிட்டாள்.
நான் எதையோ தேடுகிறவள்போல
கைப்பைக்குள் கையை விட்டேன்.
அவள் சிரிக்கவில்லை,
ஒரு சுளையை எடுத்து
மதுக்கிண்ணம் போல உயர்த்தினாள்.
என் கையில் அகப்பட்டது பேனாதான்.
உயர்த்தினேன்.

உயர்த்திய பேனாவைச் சும்மா வைக்க மனமில்லை.
நாலு வகைப் பிஸ்கட்டில் மூன்றை வெட்டினேன்.
வடையை வெட்டினேன்.
திரைச்சீலை தோய்ப்பதை வெட்டினேன்,
புகாருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.
பிறகு மச்சாளுக்குச் செய்தி:
"இரண்டு காற்று மெத்தை கொண்டு வாங்கோ.
பாணும் அங்கேயே வாங்கி வாங்கோ, உங்கட பாண்தான் ருசி.
இருபத்தாறு சமையல் உங்கட தம்பி."
தம்பிக்கு இன்னும் தெரியாது.
உணவகத்தில் இரட்டை முறை வேலை முடித்து
பொரித்த எண்ணெய் மணத்தோடு
பின்னிரவில் வருவார், சொல்லலாம்.
சண்டை வரலாம்.
வரட்டும், அது பட்டியலில் இல்லை.

மூச்சை மட்டும் வெட்டவில்லை.

நிமிர்ந்தபோது ஸ்கோடா போயிருந்தது.
ஈரச் சீமெந்தில் நாலைந்து பச்சை ஊசியிலை.
நாற்பத்தொரு நிமிடம் ஆகிவிட்டதென்று
வெளிவாயில் இயந்திரம் ஒரு பிராங்க் கேட்டது.
இந்த மாதம் எனக்கென்று நான் வாங்கியது
அது ஒன்றுதான்.
போட்டுவிட்டு மேலே ஏறினேன்.
புகார் அப்படியே நின்றது.

பாலம் தாண்டிப் பாதி வழியில்தான் நினைவு வந்தது,
நான் கடைக்குள்
போகவேயில்லை.