மற்றும்

அடுப்பு அவனுக்கு.
மாவு பிசையும் இயந்திரம் வங்கிக்கு.
கட்டிடத்தை வாங்கியவர்கள்
அங்கே கைப்பேசி உறை விற்கப்போகிறார்களாம்.
எனக்கு வந்தது வண்டி.
சாவியை வக்கீல்
இரங்கல் கடிதம் போல நீட்டினார்.

பக்கவாட்டில் நீல எழுத்தில்
‘பாரியா மற்றும் மன்சீயா, ரொட்டிக்கடை, புந்தா அரேனாஸ்’
இருபத்தாறு வருடம் ஊரைச் சுற்றியது.
அவன் பெயரை மாவு வழிக்கும் தகட்டால் சுரண்டினேன்.
ஒரு ஞாயிறு முழுக்கப் பிடித்தது.
‘மற்றும்’ வரைக்கும் வந்தபோது
தோள்பட்டை விட்டுப்போயிற்று.
போகட்டும் என்று விட்டேன்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
கடை மூடி நான்கு மாதம் ஆகிறது,
உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை.
படுத்தபடியே கூரையின் ஈரக்கறையைப் பார்ப்பேன்.
முதலில் அது ஒரு செருப்பு மாதிரி இருந்தது.
ஆகஸ்டில் இரண்டு செருப்பு.
இந்தச் செவ்வாய்க்கிழமை, அதே மூன்று மணி,
எழுந்தேன், காலுறை போட்டேன்,
கிளம்பிவிட்டேன்.

அரிக்கா வரைக்கும் போகிறேன் என்றதும்
தங்கை ஓர்ஃபெலினா தொலைபேசியில்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஐயாயிரம் கிலோமீட்டர், தனியாக, அந்த வண்டியில்.
‘அங்கே என்ன இருக்கிறது?’
‘மழை இல்லை’ என்றேன்.
வேறு பதில் எனக்கும் தெரியாது.

எங்கள் நாட்டின் இந்த நுனியிலிருந்து
எங்கள் நாட்டுக்கே போகவேண்டுமென்றால்
முதலில் அடுத்த நாட்டுக்குள் போகவேண்டும்.
தரைவழி அப்படி.
பள்ளியில் படித்ததுதான்,
சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு படித்ததில்லை.

இருட்டு. காற்று வண்டியை
இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தது,
கடன் கேட்டு வந்தவன் கதவைத் தள்ளுவது போல.
வேலியோரம் ஒரு குவனாக்கோ,
ஒட்டகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி,
விளக்கு வெளிச்சத்தில் என்னையே பார்த்தது.
அதற்கும் தூக்கமில்லை போல.
பின்னால் பதினெட்டு ரொட்டித் தட்டுகள்,
அவற்றின் மேல் என் மெத்தை.
ஒவ்வொரு பள்ளத்திலும் தட்டுகள்
அவரவர் குறையைச் சொல்லிக்கொண்டு வந்தன.

எல்லைச் சாவடி எட்டு மணிக்குத்தான் திறக்கும்.
காத்திருந்தபோது
ஒரு லாரிக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.
குளிரில் மீசையெல்லாம் வெள்ளை.
‘ரொட்டி இருக்கா, அம்மணி?’
நான் யோசிக்கவே இல்லை.
‘தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க’
என்றது வாய்.
எந்த நாளை? எங்கே வருவது?
அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.
எனக்குத்தான் காது சுட்டது.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.
செய்தித்தாளில் சுற்றிய அரை ரொட்டி,
இரவு ரியோ கய்யேகோஸில் வாங்கியதாம்.
கண்ணாடி இடுக்கு வழியே தள்ளிவிட்டு
காற்றுக்குக் குனிந்தபடி போய்விட்டார்.
ஓடு தட்டிப் பார்த்தேன். சத்தம் சரி.
உள்ளே விரலால் அமுக்கினேன்,
மெதுவாக எழுந்தது.
எனக்குத் தெரியாத யாரோ
மூன்று மணிக்கு விழித்துச் செய்திருக்கிறார்கள்.
இருபத்தாறு வருடத்தில்
பிறர் சுட்ட ரொட்டியை நான் தின்றதே இல்லை,
நேரமில்லை.
உப்பு மட்டும் கொஞ்சம் போதாது.

அதிகாரி சின்னப் பையன்.
தாளில் ‘பயண நோக்கம்’ என்றொரு கட்டம்:
சுற்றுலா, வியாபாரம், உறவினர்.
மூன்றிலும் பேனாவை வைத்து எடுத்தேன்.
அவனே சுற்றுலாவில் குறி போட்டுவிட்டு
வெளியே வந்து வண்டியை எழுத்துக்கூட்டினான்.
‘மற்றும் மன்சீயா...
முன்னால் யார்?’
காற்று அடித்துக்கொண்டு போயிற்று என்றேன்.
இந்தப் பக்கம் அதை நம்பாதவர் கிடையாது.
முத்திரை குத்தினான்.

இரண்டாவது கியர்.
தட்டுகள் மறுபடி ஆரம்பித்தன.
மடியில் ரொட்டித் துகள்,
தட்டிவிடவில்லை.