ஒற்றைப் பேட்டரி

ரேஷன் கடை மெஷின் என்னை நம்புவதில்லை.
கட்டைவிரல், ஆள்காட்டி, மறுபடி கட்டைவிரல்.
"துடைச்சுட்டு வைங்க" என்கிறான் பையன்.
துடைக்க என்ன இருக்கிறது?
பதினோரு வருஷம் கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில்
மாவு பிசைந்த விரல்.
சீப்பில் அழுத்தி எடுக்கிற சீடைக்கு
வரி வரியாக ரேகை விழுகிறது.
எனக்குத்தான் இல்லை.

போனும் அப்படித்தான்.
எண்ணெய்க் கையோடு தடவினால்
பாட்டு வராது,
பாண்டியம்மாளுக்கு மணியடிக்கும்,
எதிர் அடுப்பில் நிற்கிற பாண்டியம்மாளுக்கு.
அவளும் எடுத்து "என்ன?" என்பாள்.

இதை வாங்கியது காரைக்குடியில்,
முனீஸ்வரன் கோவில் தெருவில்,
மங்குச் சட்டிகளுக்கும் மூடியில்லாத கேரியருக்கும் நடுவே.
சாம்பல் நிறம், சோப்புப் பெட்டி கனம்.
"ஓடுதான்னு பார்க்கலை" என்றார் கடைக்காரர்.
முந்நூறு சொன்னார், இருநூற்றிருபதுக்கு முடிந்தது.
உள்ளே பேர் எழுதாத கேசட்:
ஒரு பக்கம் முழுக்க நாயனம்,
நடுவில் யாரோ இருமுகிறார்.
அந்த இடம் வந்தால்
நானும் தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

இப்போது இடுப்பில் இருக்கிறது, சேலைச் செருகலுக்குள்.
பார்க்க வேண்டியதில்லை.
முதல் பொத்தானில் மிளகளவு ஒரு மேடு.
அதுதான் பாட்டு.
அடுத்தது நிறுத்தம். கடைசி இரண்டும்
எலி மாதிரி கீச்சிட்டுக்கொண்டு
முன்னும் பின்னும் ஓடும்.
ஓரத்தில் பல் வைத்த சக்கரம்:
ஆச்சி வந்தால் இரண்டு பல் கீழே,
போனால் மூன்று பல் மேலே.
கையெல்லாம் மாவா, முழங்கை போதும்.
யார் விரல் என்று அது கேட்காது.
அழுத்தினால் உள்ளே போகும். டக்.
போனது எனக்கும் தெரியும், அதற்கும் தெரியும்.

நேற்று நாயனம் கிணற்றுக்குள் இறங்கியது.
ராகம் எருமையாகி நடந்தது.
பேட்டரி.
ஜன்னல் இல்லாத அடுப்படியில், எதிர்ச் சுவரில்,
கடிகாரத்துக்குள் ஒன்று இருந்தது.
ஸ்டூலைப் போட்டேன்.
மணி நாலே முக்காலில் நின்றது,
நாயனம் எழுந்து நின்றது.

தீபாவளி ஆர்டர், நாற்பது கிலோ தேன்குழல்.
ஆச்சி எட்டிப் பார்த்தார்:
"நாலே முக்கால்தானே, இன்னொரு ஈடு போடுங்க."
போட்டோம்.
மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்:
"அட, நாலே முக்கால்தானா."
இன்னொரு ஈடு.

பாண்டியம்மாள் என்னைப் பார்த்தாள்,
பிறகு கடிகாரத்தை,
பிறகு என் இடுப்பை.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
கையை நீட்டினாள்.
இயர்போனில் ஒரு காதைக் கொடுத்தேன்.
ஒயர் எட்டாததால் அவள் தன் அடுப்பை அணைத்துவிட்டு
என் சட்டிக்கே வந்துவிட்டாள்.
இருமல் வந்தபோது சிரித்துத் தொலைத்தாள்,
ஜல்லிக்கரண்டி எண்ணெயில் விழுந்து
இரண்டு பேருக்கும் முழங்கையில் சொட்டுச் சொட்டாய்ச் சூடு.

ஏழரை பஸ் போய்விட்டிருந்தது.
பள்ளத்தூரிலிருந்து நடந்தோம்,
தெருவுக்குத் தெரு நீள்கிற பூட்டிய வீட்டுச் சுவர்களோரம்,
காதுக்கு ஒன்றாய், ஒயர் அறுந்துவிடாமல்
கால் ஒத்து.
அவள் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தாள்,
எனக்குப் பாதிதான் கேட்டது.

கோட்டையூர் முக்கில் பெட்டிக்கடை.
பென்சில் பேட்டரி இரண்டு கேட்டேன்.
"ரிமோட்டுக்கா?"

"கடிகாரத்துக்கு" என்றாள் பாண்டியம்மாள்,
எனக்கு முந்தி.