பதினோரு ஃபிளாஞ்சுகளுக்குப் பிறகு

பீன்யாவில் ஏறிச் சிக்கபேட்டையில் இறங்கும்வரை
மடியில் கிடந்தது,
திரும்பி வந்த பதினொன்றில் ஒன்று.
துளை வட்டமாகத்தான் இருக்கிறது.
இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.
நாற்பது மைக்ரான்.
பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்,
இதென்ன, குக்கர் பார்ட்டா?

தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்வதற்கு முன்னால்
கொஞ்சம் என் கழுத்தையும் விசாரிக்க வேண்டும்.
லீவர் டயலை ஸ்பிண்டிலில் கட்டிச் சுற்றினால்
முள் என்னைப் பார்ப்பது கால்வட்டம் மட்டும்.
மிச்சத்துக்கு நான்தான் அதைத் தேடிப் போகணும்:
மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டி,
கூலன்ட் வாளியைத் தாண்டி,
குணவதியின் பவுடர் டப்பாக் கண்ணாடியை நீட்டி.
கண்ணாடிக்குள் இடம் வலமாகும்.
ராத்திரி ஒன்பதரைக்கு, கடைசித் திருத்தத்தில்,
கூட்டலைக் கழித்தலென்று படித்தேன்.
ஒரே ஒரு தடவை.
ஃபிக்சர் அதைப் பதினோரு தடவை
மறக்காமல் சொன்னது.

எஸ்.பி. ரோட்டில் மழை. லலித் பண்டாரி
பச்சைத் துணிமேல் மூன்று பெட்டிகளை வைத்தார்.
கோ-ஆக்ஸியல். குச்சி சுற்றும், முகம் சுற்றாது.
பக்கத்துக் கம்பி ஒன்று தூணில் சாய்ந்து
முகத்தை என் பக்கமே நிறுத்தும்,
போட்டோவுக்குக் குழந்தையின் தாடையைப்
பிடித்துக்கொண்டிருக்கும் கைபோல.

ஜப்பான் பெட்டி, ஷெட் வாடகை இரண்டு மாசம்.
மற்ற இரண்டுக்கும் பெட்டி வேறு, ஸ்டிக்கர் வேறு,
திருகாணி ஒன்றே. அண்ணன் தம்பி.

உயரம் எவ்வளவு என்றேன்.
அவர் விலையைச் சொன்னார்.
உயரம் என்றேன் மறுபடி.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.
துணிக்கடைக்காரரிடம் டேப் வாங்கி அளந்தோம்,
குச்சியோடு சேர்த்து நூற்றெண்பது மில்லி.
என் மெஷினில் வைஸும் ஜாபும் போக
மிஞ்சுவது இருநூற்று இருபது.
நுழையும்.
நுழைந்தபின் அதைக் கழற்றிப் போரிங் ஹெட் மாட்டணும்,
மேசையை ஏற்றணும்.
ஏறும்போது நேராகத்தான் ஏறுகிறாயா என்று
அந்த மெஷினிடம் நான் கேட்டதே இல்லை.
இன்றைக்கும் கேட்கப்போவதில்லை,
ஒரு நாளைக்கு ஒரு செலவு போதும்.

நீளக் குச்சி போட்டால் முள் குறைத்துப் பேசும்,
ஒரு கோடு ஒரு கோடாக இருக்காது
என்று எச்சரித்தார் லலித், நேர்மையாக.
பேசட்டும். எனக்கு எண் வேண்டாம்.
எத்தனை தள்ளி என்று கேட்பவளில்லை நான்,
எப்போது அசையாமல் நிற்கும் என்பதுதான் கேள்வி.

அதனால் விரலால் குச்சியைத் தள்ளி, விட்டேன்.
முள் போய், வந்தது, வீட்டுக்கு ஒரு கோடு முன்னாலேயே
நின்றுகொண்டது.
அடுத்த பெட்டி.
இதில் முள் தயங்கித் தயங்கி.
அடுத்தது.
ஐந்தாவதைப் பிரிக்கும்போது லலித்,
மேடம், மாம்பழமா இது, அமுக்கி அமுக்கிப் பார்க்க?
ஆமாம் என்றேன். ஆறாவது
பத்துத் தள்ளலுக்கும் பத்து முறை
சுழிக்கே திரும்பியது.
பில் போடச் சொன்னேன். அவர்
டீ சொன்னார்.

ராத்திரி.
ஸ்பிண்டில் குறைந்த வேகத்தில் தானே சுற்றுகிறது,
குச்சி துளையின் சுவரைத் தடவித் தடவி.
நான் எங்கும் போகவில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்தபடி இரண்டு கைப்பிடிகளையும்
உப்புப் போடுகிற அளவில் திருப்புகிறேன்.
முள் அகலமாக ஆடி,
அப்புறம் குறுகி,
அப்புறம் ஒரு கோட்டுக்குள் நடுங்கி,
நின்றது.

தோளுக்குப் பின்னாலிருந்து குணவதி,
பவுடர் டப்பாவை மூடிக்கொண்டே:
நின்னுடுச்சா,
இல்ல மாட்டிக்கிச்சா?

நகத்தால் டயலின் மேல் ஒரு தட்டுத் தட்டினேன்.
துள்ளியது.
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்
அது திரும்பி வரும் வழியை.