வரிசை என்பது

வ்ரோத்ஸ்வாஃப். எண்பத்தொன்று, பிப்ரவரி.
கணிப்பொறி ஆலையின் நான்காம் மாடி.
ரேடியேட்டர் மேல் இரண்டு ஜோடிக் கையுறைகள்
காய்ந்தபாடில்லை.
ஹால்ஷ்கா கரும்பலகையில் எழுதுகிறாள்.

எதனால் ஆனது என்று சொல்லக்கூடாது.
நினைவகத்தின் அடுத்தடுத்த அறைகளோ
ஒன்றை ஒன்று சுட்டும் முகவரிகளோ
செய்பவன் பாடு அது.
எப்படி நடந்துகொள்ளும்,
அதை மட்டும் சொல்.

வெறுமை ஒரு வரிசை.
வரிசையில் ஒருவர் சேர்ந்தால் அதுவும் வரிசை.
வெறுமையில் ஒருவர் சேர்ந்தால் அவரே முதல்.
ஆளிருக்கும் வரிசையில் எவர் வந்து சேர்ந்தாலும்
முதலில் நிற்பவர் மாறுவதில்லை.

"மாறுவதில்லையா!" செவெரினுக்குச் சிரிப்பு.
"கசாப்புக் கடைக்காரியின் மைத்துனன் வந்தால்?"
"பின்கதவு இந்த வரையறையில் கிடையாது."

வெறும் வரிசையின் முதல் ஆள் யார்?
மூன்று நாள் சண்டை போட்டார்கள்.
கடைசியில் 'பிழை' என்று எழுதி
தேநீர் குடிக்கப் போனார்கள்.

மறுநாள் விடிகாலை நாலு மணி,
இறைச்சிக் கடை வாசல்.
ஓய்வுபெற்ற டிராம் கண்டக்டர் ஒருவர்
பள்ளி நோட்டைப் பிரித்து எண்களைக் கூப்பிடுகிறார்.
மூன்று மணிக்கொரு தரம் கூப்பிடுவார்.
இல்லாதவர் பெயர் அடிக்கப்படும்.

நாற்பத்தேழு.
கலிக்ஸ்டா வ்ரோனா.
இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க.
"செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸ் வந்தது"
என்கிறது ஒரு கம்பளிக் குல்லா.
பென்சில் ஒரு கோடு இழுக்கிறது.
பின்னால் நின்றவர்கள் எல்லாரும்
பனியில் ஓரடி முன்னால் வைக்கிறார்கள்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

ஐம்பத்திரண்டு.
"இருக்கிறேன்" என்கிறாள் ஹால்ஷ்கா.

கடை திறந்தது. அலமாரியில் கடுகு விழுது,
வினிகர், மறுபடி வினிகர்.
இரண்டு புட்டி கடுகு விழுது வாங்கிக்கொண்டு
அப்படியே வேலைக்கு வந்தாள்.

பலகையில் புதிதாக ஒரு செயல்: நடுவிலிருந்து நீக்கு.
கடைசியாகச் சேர்ந்தவரைப் பார்;
நீக்க வேண்டியவரும் அவரும் ஒருவரே எனில்
மிஞ்சியதே விடை;
இல்லையெனில்...

சாக்பீஸ் நிற்கிறது.
ஒருவரே எனில்.
இதுவரை இந்த வரிசைக்கு
யாரையும் அடையாளம் தெரிய வேண்டியிருக்கவில்லை.
உருளைக்கிழங்கு மூட்டைகள் நின்றாலும்
அத்தனை விதியும் பொருந்தியிருக்கும்.
கோடு இழுக்க மட்டும்
ஆளைத் தெரிய வேண்டும்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்கிறான் செவெரின்.
அவள் ஒரு கடுகுப் புட்டியை
அவன் மேஜைமேல் வைக்கிறாள்.
ஐம்பத்திரண்டு
அவன் மனைவியின் எண்.